லைனிலிருந்து லோக்கலுக்கு: தினமும் வீடு திரும்பும் லாரி வேலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சங்ககிரிப் பக்கம் லாரி ஓட்டுகிறவன் நான். பதினோரு வருஷம் லைன் வண்டி, அதாவது நாட்கணக்கில் வெளியூர், வெளிமாநிலம் போய் வரும் நெடுந்தூர லாரி. குஜராத், அசாம் வரை போயிருக்கிறேன். இப்போது ஆறாவது வருஷமாகப் பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறேன். காலையில் டெர்மினலில் (எண்ணெய்க் கம்பெனிக் கிடங்கு) லோடு எடுத்து, சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு பங்கில் இறக்கிவிட்டு, பொழுது சாயும் நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன். "எப்படிண்ணா லோக்கல் கிடைச்சுது, எனக்கும் ஒண்ணு பாருங்க" என்று வாரத்துக்கு நாலு பேராவது போன் செய்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் என்பதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து மட்டுமே எழுதுகிறேன்.

லோக்கல் என்றால் எத்தனை கிலோமீட்டர் வரைக்கும்?

கிலோமீட்டரைக் கேட்டு வேலைக்குச் சேர்ந்தவன் நான். அதனால்தான் இந்தக் கேள்வியை முதலில் வைத்தேன்.

லைனை விட்ட புதிதில் சென்னையில் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டப் போனேன். மணலியில் யார்டு, அங்கிருந்து துறைமுகம். "போக வர முப்பது நாப்பது கிலோமீட்டர்தான், தினமும் வீட்டுச் சோறு" என்றார் ஓனர். நம்பித் திருவொற்றியூரில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். முதல் வாரமே எண்ணூர் சாலையில் வரிசையில் மாட்டினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு நின்ற வண்டி மறுநாள் மத்தியானம்தான் கேட்டைத் தொட்டது. முன்னால் இருப்பவன் பத்தடி நகர்ந்தால் நாமும் பத்தடி நகர வேண்டும்; தூங்கிவிட்டால் பின்னால் இருப்பவன் ஹாரனை அழுத்தியே எழுப்புவான், இல்லையென்றால் ஓரமாக ஒடித்து முந்திவிடுவான். வீடு இரண்டு கிலோமீட்டரில். வண்டியை விட்டு இறங்க முடியாது. என் மனைவி தூக்குப் போசியில் சோறு கொண்டுவந்து, சாலையோரம் வரிசையில் என் வண்டி நம்பரைத் தேடிக்கொண்டு நடந்தாள். அந்த மாதத்தில் ஒன்பது ராத்திரி கேபினில் படுத்தேன். ஹால்டிங் காசு, அதாவது வண்டி காத்து நிற்பதற்கான காசு கேட்டதற்கு, "லோக்கலுக்கு ஏதுப்பா ஹால்டிங்?" என்று ஓனர் சிரித்தார். நாலு மாதத்தில் பெட்டியைக் கட்டிவிட்டோம்.

ஆகவே தூரம் கணக்கில் வராது. வண்டி எங்கே நிற்கும், யாருக்காக நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும், இதைத்தான் விசாரிக்க வேண்டும். 150 கிலோமீட்டர் போய்ச் சொன்ன நேரத்துக்கு இறக்குகிற லோடு உங்களை வீட்டில் படுக்க வைக்கும். 15 கிலோமீட்டரில் டோக்கன் போட்டுக் காத்திருக்கும் லோடு வைக்காது.

அப்படியானால் எந்த லோடு ஓட்டினால் தினமும் வீட்டுக்கு வரலாம்?

காத்திருந்தால் கெட்டுப்போகிற சரக்கு, அல்லது இது வரவில்லை என்றால் ஏதோ ஒன்று நின்றுபோகும் என்கிற சரக்கு. அப்படிப்பட்ட லோடுக்கு ஓனர், கம்பெனி எல்லோருமே அவசரப்படுவார்கள். அந்த அவசரம் நமக்கும் உதவும்.

கான்கிரீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரெடிமிக்ஸ் பிளான்டில் ஏற்றிய கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது இந்தியத் தரக் கணக்கு. அதனால் மிக்சர் வண்டி பிளான்டைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள்ளேயேதான் ஓடும். வெளியூர் அனுப்பவே வழியில்லை. ஆனால் சென்னை, கோவை மாதிரி ஊர்களில் பகலில் கனரக வண்டிக்குத் தடை நேரம் இருக்கிறது. பெரிய சிலாப் போடுவதெல்லாம் ராத்திரியில் போய்விடும். வீட்டுக்குத் தினமும் வரலாம், விடியற்காலையில்.

பாலும் அப்படித்தான். ஆவின் பாக்கெட் வண்டி நடுராத்திரிக்கு மேல் டெய்ரியில் ஏற்றி, விடிவதற்குள் பூத்துகளில் இறக்கும். சென்னையில் அம்பத்தூர், மாதவரம், சோழிங்கநல்லூர் டெய்ரிகளிலிருந்து கிளம்பும் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். வண்டிகள் பெரும்பாலும் ஒப்பந்தக்காரருடையவை. காலை எட்டு மணிக்கு வேலை முடிந்துவிடும். மழை, பந்த், பொங்கல் என்று எதற்கும் லீவு கிடையாது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத் தூங்கலாம் என்பது இதில் உள்ள ஒரு வசதி.

பெட்ரோல், டீசல் டேங்கர் நான் ஓட்டுவது. சங்ககிரியில் ஐ.ஓ.சி. டெர்மினல், கோவைக்குப் பக்கத்தில் இருகூரில் பி.பி.சி.எல்., மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர், உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஆசனூர் என்று அந்தந்த வட்டாரத்துக்கு ஒன்று உண்டு. பங்கில் போதுமான மின்விளக்கு வசதி இல்லாமல் இருட்டில் இறக்கக் கூடாது என்பது விதி. அதனால் பெரும்பாலும் பகல் வேலை. ஓடுவதை விட இறக்குவதில்தான் கவனம். பங்கில் நுழைந்ததும் சமதரையில் நிறுத்தி, சாவியை எடுத்து, எர்த் ஒயரை மாட்டி, எண்ணெய் அலம்பல் அடங்குகிற வரை சும்மா நிற்க வேண்டும். பிறகு சீலைக் காட்டி, மூடியைத் திறந்து, டிப் ராடு விட்டுப் பார்ப்பார்கள். ஒரு ஜாடியில் எண்ணெய் பிடித்து அடர்த்தி மானியை மிதக்கவிட்டு, வெப்பமும் பார்த்து, பில்லில் இருக்கிற எண்ணோடு ஒப்பிடுவார்கள். 15 டிகிரி கணக்குக்கு மாற்றிய பின் வித்தியாசம் 3 புள்ளிக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் இறக்க மாட்டார்கள், அன்றைக்கு வீடும் இல்லை. ஆறு வருஷத்தில் எனக்கு இரண்டு தடவை அப்படி ஆனது. கேஸ் சிலிண்டர் லாரியும் இதே ரகம்: பாட்டிலிங் பிளான்டில் நிறைந்த சிலிண்டர் எடுத்து, ஏஜென்சியில் கொடுத்துக் காலியை வாங்கி வரும் வேலை. புல்லட் டேங்கர் என்கிற மொத்த கேஸ் லாரியை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது அசல் லைன் வண்டி.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருப்பவர்களுக்கு 'மில்க் ரன்' நல்லது. நாலைந்து உதிரிபாகக் கம்பெனிகளைச் சுற்றி வந்து கார் கம்பெனியில் இறக்கும் வண்டி. பாகம் வராவிட்டால் அசெம்பிளி லைனே நின்றுவிடும் என்பதால் நேரம் துல்லியம். ஷிப்டு முறை, கேபின் சுத்தமாக இருக்கும், ஷூ போடச் சொல்வார்கள்.

சிவில் சப்ளைஸ் லோடு, அதாவது குடோனிலிருந்து ரேஷன் கடைக்கு, தாலுகாவைத் தாண்டாது. மாதக் கடைசியும் முதல் வாரமும் தலைகால் புரியாது. மற்ற நாள் சுமார். டெல்டாவில் நெல் கொள்முதல் சமயத்தில் கொள்முதல் நிலையத்திலிருந்து குடோனுக்கு ஓட்டக் கூப்பிட்டால் யோசித்துச் சொல்லுங்கள். குடோன் வாசலில் நெல் மூட்டையோடு நின்றுகொண்டு மழையைப் பார்த்து வயிற்றைக் கலக்கிக்கொண்டவர்களைக் கேட்டால் தெரியும். ஆலைக் கரும்பும் அதே கதை.

கோழித் தீவன லாரி நாமக்கல், பல்லடம் பக்கம் தாராளமாக இருக்கிறது. மில்லில் ஏற்றிப் பண்ணையில் இறக்கினால் முடிந்தது. ஆனால் அதே நாமக்கல்லில் முட்டை லாரி என்றால் சாயங்காலம் கிளம்பிக் கேரளா போய் மறுநாள்தான் வருவீர்கள். போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மாசக்கணக்கு.

என்னிடம் எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ்தான் இருக்கிறது. ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் மறுபடி வழக்காடின. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதே தீர்ப்பை உறுதிசெய்துவிட்டது. ஆபத்தான சரக்குக்கு இது பொருந்தாது.

ஆக குட்டி யானை, தோஸ்த், பொலிரோ பிக்கப், 407 எல்லாம் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. பதினாலு அடி ஐச்சர் மாதிரி வண்டிகளில் சில மாடல் இந்த எடைக்குள் வரும், சில வராது. "எல்லாரும் ஓட்டறாங்க" என்று ஓனர் சொன்னாலும் ஆர்.சி.யை வாங்கி மொத்த எடை என்ற இடத்தைப் பார்த்த பிறகு ஸ்டியரிங்கைத் தொடுங்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

திருப்பூரில் இந்தச் சின்ன வண்டிகளுக்கு வேலை ஓயாது. நூல் நிட்டிங்குக்கு, துணி சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங், பிறகு தையல் என்று ஒரு பனியன் துணி ஊருக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும்.

ஹெவி (கனரக வாகன) லைசென்ஸ் எடுக்க என்ன தேவை?

இருபது வயது நிறைந்திருக்க வேண்டும். எல்.எம்.வி. எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்க வேண்டும். மருத்துவச் சான்றும் டிரைவிங் ஸ்கூல் சான்றும் வேண்டும். எட்டாம் வகுப்புப் படித்திருக்க வேண்டும் என்ற விதியை 2019-ல் எடுத்துவிட்டார்கள்; இது தெரியாமல் இன்னும் பலர் ஒதுங்கி நிற்கிறார்கள். டிரான்ஸ்போர்ட் லைசென்ஸ் ஐந்து வருஷத்துக்குச் செல்லும்.

சான்றை மட்டும் வாங்கிக்கொள்கிற பழக்கம் ஊரில் இருக்கிறது. வேண்டாம். நாமக்கல்லில் அசோக் லேலண்டு நடத்தும் ஓட்டுநர் பயிற்சி நிலையம், கும்மிடிப்பூண்டியில் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவு இரண்டும் பெயர் பெற்றவை. அங்கே படித்தவன் என்றால் கம்பெனிகளில் கொஞ்சம் மதிப்பு. லோக்கல் வேலையில் ரிவர்ஸ்தான் பாதி வேலை என்பதையும் மனதில் வையுங்கள். லைனில் மாதத்துக்குப் பத்துத் தடவை ரிவர்ஸ் எடுத்தால் அதிகம். இங்கே ஒரு நாளில் பத்து. அதுவும் சந்துக்குள், ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் யாரோ நிறுத்திவிட்டுப் போன பைக்.

டேங்கர், சிலிண்டர் லாரிக்குத் தனி லைசென்ஸா?

தனி லைசென்ஸ் இல்லை. இருக்கிற டிரான்ஸ்போர்ட் லைசென்ஸில் ஆபத்தான சரக்குக்கான பதிவு சேர்க்க வேண்டும். அதற்கு மூன்று நாள் பயிற்சி. நம் மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்கிறது விதி. கடிதம் எழுதச் சொல்ல மாட்டார்கள், லோடு பற்றிய எச்சரிக்கைப் பலகையைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். இந்தப் பதிவுக்கு ஆயுள் மூன்று வருஷம். எண்ணெய்க் கம்பெனி போலீஸ் சரிபார்ப்பும் கேட்கும். டெர்மினல் கேட்டில் செல்போன், தீப்பெட்டி எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பீடி இல்லாமல் அரை நாள் இருக்க முடியாதவர்களுக்குச் சிரமம்.

இவ்வளவு சல்லடை இருப்பதால்தான் இந்த வேலைக்குப் போட்டி குறைவு. லோக்கலுக்கு வர விரும்பும் ஹெவி டிரைவருக்கு நான் முதலில் சொல்வது இந்தப் பதிவைச் சேர்க்கச் சொல்லித்தான்.

வேலையை எங்கே தேடுவது? நெட்டில் பார்த்தால் எல்லாம் லைன் வண்டியாகவே வருகிறது.

நல்ல லோக்கல் வேலை நெட்டுக்கு வருவதற்கு முன்பே நிரம்பிவிடும். ஒருத்தர் வேலையை விட்டு நிற்கப் போகிறார் என்பது ஓனருக்குத் தெரியும் முன்பே டீக்கடைக்குத் தெரியும்.

எனக்குக் கிடைத்தது ஆக்டிங் போய்த்தான், அதாவது லீவு போட்ட டிரைவருக்குப் பதிலாக ஓட்டப் போய். டெர்மினலுக்கு எதிரில் இருந்த டீக்கடையில் ஒரு வாரம் விடிகாலை ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். எல்லா வண்டியும் லோடுக்கு வரிசை கட்டும் நேரம் அது. ஆறாம் நாள் ஒருத்தருக்கு மாமனார் இறந்த சேதி வந்தது. "ஏனுங்க, நீங்க ஹெவிதானுங்க? ஒரு மூணு நாளைக்குப் பாக்கறீங்களா?" என்றார். மூன்று நாள் பதினாறு நாள் ஆனது. அடுத்த முறை இன்னொரு வண்டிக்கு. ஐந்து மாதம் ஆக்டிங்காகவே ஓட்டினேன். அதற்குள் எந்த ஓனர் காசு ஒழுங்காகத் தருவார், எந்த வண்டி பிரேக் பிடிக்காது என்று எனக்கும் தெரிந்துவிட்டது, இவன் வண்டியை உரசாமல் கொண்டுவருவான் என்று அவர்களுக்கும் தெரிந்துவிட்டது.

நீங்களும் அப்படி ஒரு கேட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். தீவன மில், டெய்ரி, ரெடிமிக்ஸ் பிளான்ட், சிப்காட் வாசல், எதுவாக இருந்தாலும் வீட்டிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பது நல்லது. வண்டியை விட்ட பிறகு நீங்களும் வீட்டுக்கு வர வேண்டுமே. இன்னொரு இடம் ஸ்பிரிங் பட்டறையும் டயர் ரீட்ரெட் கடையும். எந்த வண்டி டிரைவர் இல்லாமல் ஷெட்டில் நிற்கிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி.

காலமும் உண்டு. பொங்கல் முடிந்த வாரம், தீபாவளி முடிந்த வாரம், பங்குனித் திருவிழா சமயம் ஆகியவை ஓனர்கள் தவிக்கும் நாட்கள். ஊருக்குப் போன டிரைவர்களில் சிலர் திரும்பி வரமாட்டார்கள். அன்றைக்குப் போய் நில்லுங்கள்.

ஓனரிடம் என்ன கேட்க வேண்டும்?

ஓனரிடம் கேட்பதற்கு முன் அந்த வண்டியை இப்போது ஓட்டுகிறவரிடம், இல்லையென்றால் பக்கத்து வண்டிக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "போன வாரம் எத்தனை ராத்திரி வீட்ல படுத்தீங்க?" 'வழக்கமா', 'பெரும்பாலும்' என்ற பேச்சு வேண்டாம், போன வாரம். எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். ஆறு என்றால் நல்லது. ஐந்து என்றால் விசாரிக்கலாம். அவர் சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள்.

ஓனரிடம்: சம்பளம் மாதத்துக்கா, டிரிப்புக்கா? வண்டி நின்றுபோனால் படி உண்டா? பார்க்கிங் எங்கே? ஏற்றி இறக்கும் வேலை நம் தலையில் விழுமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சின்ன வண்டியில் 'லோடுமேன் வருவார்' என்பார்கள். இரண்டாம் வாரத்திலிருந்து லோடுமேன் நீங்கள்தான். அரிசி மூட்டை தூக்கத் தெம்பு இருக்கிறவர்கள் அதற்கும் சேர்த்துக் கூலி பேசிக்கொள்ளட்டும்.

லோக்கலில் சம்பளம் குறைவு என்கிறார்களே?

கையில் வாங்கும் தொகை குறைவுதான். வீட்டுக்கு வந்து சேரும் தொகையைக் கணக்குப் போட்டால் அவ்வளவு குறையாது.

ஒரு பேச்சுக்கு, லைனில் படியெல்லாம் சேர்த்து மாதம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 22 நாள் வெளியே. சாப்பாடு, டீ, குளியல், போன் ரீசார்ஜ் என்று நாளைக்கு 350 ரூபாய் போனாலும் 7,700 காலி. மிச்சம் 22,300. லோக்கலில் 22,000 சம்பளம், டிபன் பாக்ஸ் வீட்டிலிருந்து வருகிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. உங்கள் சொந்த எண்களை எழுதிப் பாருங்கள், கூடலாம் குறையலாம். லைனில் மைலேஜ் காசு, டீசல் மிச்சம் என்று மேல்வரும்படி பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு கசக்கும். அதை நான் மறுக்கவில்லை.

டிப்பர் ஓட்டினால் டிரிப்புக்கு இவ்வளவு, நல்ல காசு என்று கூப்பிடுகிறார்கள். போகலாமா?

தினமும் வீட்டுக்கு வரலாம் என்பது உண்மை. மற்றதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

டிரிப் கணக்கு என்றால் உங்கள் காலே ஆக்சிலேட்டரை விடாது. நாலாவது டிரிப்பை ஐந்தாக்கத்தான் மனம் சொல்லும். கிரஷரில் ஜே.சி.பி.காரர் ஒரு பக்கெட் கூடுதலாகப் போடுவார், ஓனர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். எடை போட நிறுத்தச் சொல்லி நிற்காமல் போனால் 40,000. அபராதத்தை ஓனர் கட்டுவார் என்று பேசி வைத்திருப்பீர்கள். கட்டும் வரை வண்டியோடு நிற்பது நீங்கள். நடைச்சீட்டு, அதாவது சரக்கை எடுத்துப் போவதற்கான அனுமதிச் சீட்டு இல்லாமல் மணலோ ஜல்லியோ ஏற்றிப் பிடிபட்டால் வழக்கில் முதல் பெயர் டிரைவருடையதாகத்தான் இருக்கும். சீட்டைக் கையில் வாங்கி, வண்டி நம்பரும் நேரமும் சரியா என்று படித்துப் பார்க்காமல் கிரஷர் கேட்டைத் தாண்டாதீர்கள். "வந்துகிட்டே இருக்கு, நீ போ" என்றால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

இ.எஸ்.ஐ., பி.எஃப். கிடைக்குமா? வேலை நேரம் எவ்வளவு?

இரண்டு மூன்று வண்டி வைத்திருக்கும் ஓனரிடம் எதிர்பார்க்க முடியாது. மில்க் ரன், ரெடிமிக்ஸ், பெரிய டிரான்ஸ்போர்ட் ஒப்பந்தக்காரர்களிடம் கேட்க வேண்டும். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கு இ.எஸ்.ஐ., இருபது பேருக்கு பி.எஃப். என்பது பொதுக் கணக்கு. இ.எஸ்.ஐ.க்கு மாதச் சம்பளம் 21,000 வரை இருக்கலாம். உங்களிடம் பிடிப்பது முக்கால் சதவீதம், முதலாளி கட்டுவது மூன்றேகால் சதவீதம். முதுகு வலி, சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று நம் தொழிலுக்கே உரிய சொத்துகள் சேரும் வயதில் இந்த அட்டை பெரிய உதவி.

எதுவும் இல்லாதவர்கள் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். தொழிலாளர் துறை அலுவலகம் வழியாக நடக்கும். பிள்ளைகள் படிப்பு, திருமணம், விபத்து, அறுபதுக்கு மேல் ஓய்வூதியம் என்று உதவிகள் இருக்கின்றன. புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள், அவசரத்துக்கு அட்டையைத் தேடும்போதுதான் காலாவதி ஆனது தெரிய வரும்.

வேலை நேரம் என்றால், மோட்டார் தொழிலாளர்களுக்கு நாளுக்கு எட்டு மணி நேரம் என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். எட்டு மணி நேரத்தில் வண்டியை விட்டு இறங்கிய டிரைவரை நான் மில்க் ரன்னில் மட்டும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு 48 வயது. லோக்கலுக்கு எடுப்பார்களா?

எடுப்பார்கள். லோக்கலுக்கு இளவட்டத்தை விட உங்களைத்தான் விரும்புவார்கள். கண்ணையும் சர்க்கரையையும் பார்த்துவிட்டுப் போங்கள். ராத்திரி வேலையான பால், கான்கிரீட் மட்டும் வேண்டாம் என்பேன். பகலில் தூங்குவது இருபது வயதில் வரும், நாற்பத்தெட்டில் வராது.

சொந்தமாகக் குட்டி யானை வாங்கி ஓட்டினால்?

மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டிக்குப் பெர்மிட் வேண்டியதில்லை. அது ஒரு தொல்லை இல்லை. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) முதல் எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, பிறகு வருஷா வருஷம்.

தொல்லை எல்லாம் தவணையில் இருக்கிறது. ஸ்டாண்டில் நிற்கும் பத்து வண்டியில் நாலு வண்டிக்குத்தான் அன்றைக்கு வாடகை கிடைக்கும். வண்டி வாங்குவதற்கு முன் மாதம் பதினைந்து நாளாவது நிச்சயமாக லோடு தருகிற இரண்டு இடத்தைப் பிடியுங்கள். ஒரு மளிகை மொத்த வியாபாரி, ஒரு டைல்ஸ் கடை, இப்படி. போர்ட்டர் மாதிரி செயலிகள் இடைவெளியை நிரப்ப உதவும். அதை மட்டும் நம்பித் தவணை எடுத்தவர்கள் ராத்திரி பதினோரு மணிக்கும் கடைசி ஆர்டருக்குக் காத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வரத்தானே வண்டி வாங்கினோம்?

என் வீட்டுக்காரர் பத்து வருஷமாக லைன் ஓட்டுகிறார். லோக்கலுக்கு வரச் சொன்னால் "எனக்குச் செட் ஆகாது" என்கிறார். என்ன செய்ய?

இந்தக் கேள்வி பெண்கள் கேட்பது. போனை அவர்கள் அண்ணன் கையில் கொடுத்துக் கேட்கச் சொல்வார்கள்.

தங்கச்சி, அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நான் வீட்டில் படுக்க ஆரம்பித்த முதல் மாதம் ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக எழுந்துவிடுவேன். டீசல் டேங்கை யாரோ திறக்கிற மாதிரி சத்தம் கேட்கும். எழுந்து வாசலுக்குப் போய் நிற்பேன். வண்டி ஷெட்டில் இருக்கும், வாசலில் சைக்கிள் மட்டும் நிற்கும். ஃபேன் சத்தத்தில் தூக்கம் வரவில்லை, இன்ஜின் சூடு முதுகில் படாமல் தூக்கம் வரவில்லை. பையன் என்னிடம் எதையும் கேட்க மாட்டான். அம்மாவிடம் கேட்டு, அவள் என்னிடம் கேட்பாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

ஒரேயடியாக வேலையை விடச் சொல்லாதீர்கள். அடுத்த தடவை அவர் ஊருக்கு வரும்போது பத்து நாள் ஆக்டிங்காக ஒரு லோக்கல் வண்டி ஓட்டிப் பார்க்கட்டும். பிடிக்கவில்லை என்றால் லைனுக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம், அதற்கு ஆள் தட்டுப்பாடுதான். என் பையன் இப்போது நேராக என்னிடமே காசு கேட்கிறான்.

ஒரு ஏஜென்ட் 3,000 ரூபாய் கட்டினால் தினமும் வீட்டுக்கு வரும் வேலை வாங்கித் தருகிறாராம்.

கட்டாதீர்கள். டிரைவர் கிடைக்காமல் ஓனர்கள் அலையும் ஊரில் டிரைவர் எதற்குக் காசு கட்ட வேண்டும்?

லைன் ஓனர் என் அசல் லைசென்ஸை வாங்கி வைத்திருக்கிறார். வேலையை விடுகிறேன் என்றால் தரமாட்டேன் என்கிறார்.

அட்வான்ஸ் பாக்கி இருந்தால் அதை முதலில் முடியுங்கள். அதற்கு ஒரு சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டிரிப் ஷீட்டையும் கணக்கையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். பாக்கி இல்லாமலும் தரவில்லை என்றால் லாரி உரிமையாளர் சங்கத்தில் போய்ச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் பாதிப் பஞ்சாயத்து அங்கேயே முடிந்துவிடும். டிரைவர் லைசென்ஸைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று நாலு ஓனர் முன்னால் பெயர் அடிபடுவதை யாரும் விரும்ப மாட்டார்கள். அதற்கும் அசையாவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு மனு.

இதற்கிடையில் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ உங்கள் லைசென்ஸை ஏற்றி வையுங்கள். வழியில் சோதனை போடுகிறவர்கள் அதை அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று 2018-லேயே விதி திருத்தியிருக்கிறார்கள். ஆக்டிங் போக அது போதும். அடுத்த ஓனர் லைசென்ஸ் கேட்டால் ஜெராக்ஸ் கொடுங்கள். அசலை எடுத்துக் காட்டிவிட்டு, அவர் பார்த்து முடித்ததும் கை நீட்டி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.